‘வராது’ என்று எழுதப்பட்டவள்

அமீதாம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. அந்த அம்மாளை உள்ளே வைத்துப் பூட்டிய தாள்களில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு எவனும் எழுதப்போவதில்லை. போன மாதம் ஆஸ்பத்திரிக்கு விழா மலர் போட்டு எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். டாக்டர்கள் படம், திறந்துவைத்தவர் படம், புது எக்ஸ்ரே மிஷின் படம் எல்லாம் இருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கொட்டாயும் இல்லை, கொட்டாய்க்காரியும் இல்லை. அந்த எரிச்சலில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

என் பெயர் தங்கதுரை. சொந்த ஊர் நாசரேத் பக்கம். 1984இல் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, லாரிகள் ஓயாமல் ஓடும் பெங்களூர் ரோட்டோரத்தில் இருந்த ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு லேப் டெக்னீஷியனாக வந்து சேர்ந்தேன். அப்போது அதெல்லாம் தர்மபுரி மாவட்டம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே பேச்சில் குழைத்து அடிக்கிற ஜனங்கள், நான் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். நான் முன்கோபக்காரன். முதல் வாரமே இரண்டு பேரோடு சண்டை போட்டாயிற்று. சிரிக்காமல் பேசிய ஒரே ஆள் அமீதாம்மா. அதுவும் ஒரு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், புளியமரத்தை ஒட்டி, ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்று. காகிதத்தில் அதற்கு ஐசொலேஷன் வார்டு என்று பெயர். ஊருக்கு அது வாந்திபேதிக் கொட்டாய். சுற்றிலும் கம்பி வலை, ஒரு இரும்புக் கதவு, கதவில் சங்கிலி. உள்ளே பன்னிரண்டு கட்டில். கட்டிலின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டிருக்கும், ஓட்டைக்கு நேர் கீழே பக்கெட். படுத்தவர் எழுந்திருக்க வேண்டாம், எழுந்திருக்கவும் முடியாது. பக்கெட்டில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று அளந்து சொன்னால், அத்தனை லிட்டர் சலைனை டாக்டர் திரும்ப ஏற்றுவார். அளந்து சொல்வதும், பக்கெட்டைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டிப் பிளீச்சிங் பவுடர் போடுவதும், உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக வாயில் ஊற்றுவதும் அமீதாம்மாவின் வேலை.

வாந்திபேதிக் கேஸ் ஒன்று உள்ளே வந்துவிட்டால் கதவில் சங்கிலி விழும். கடைசி நோயாளி எழுந்து போய் ஐந்து நாள் கழித்துத்தான் எடுப்பார்கள். டாக்டர் வந்து போகலாம், நர்சு வந்து போகலாம், கையைக் கழுவிக்கொண்டால் போதும். பக்கெட்டைத் தொட்டவள் மட்டும் வெளியே வரக்கூடாது. யார் இந்தச் சட்டத்தைப் போட்டார்கள் என்று நானும் பல பேரைக் கேட்டிருக்கிறேன். முன்னாலிருந்தே அப்படித்தான் என்றார்கள்.

அந்த அம்மாளின் முழுப் பெயர் ஹமீதுன்னிசா. பிறந்தது பாகலூர் பக்கம். புருஷன் ஷேக் தாவூத் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவர். 1977இல் மழை விட்ட கையோடு அவர்கள் குடியிருந்த தெருவில் வாந்திபேதி புகுந்தது. இரண்டு பேரையும் ஒரே மாட்டு வண்டியில் போட்டு இந்தக் கொட்டாய்க்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாள் தாவூத் போய்விட்டார். ஐந்தாம் நாள் அமீதாம்மா எழுந்து உட்கார்ந்தாள். வயது இருபத்து நாலு. வெளியே பக்கத்து வீட்டுக்காரியிடம் ஐந்து வயதுப் பெண் குழந்தை, தில்ஷாத். எங்கே போவாள்? அப்போது இருந்த டாக்டர் இரக்கப்பட்டார். எழுந்த கட்டிலுக்கே அவளை ஆயாவாக்கினார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் வேலைக்கு எடுக்கும்போது அவளுடைய பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இங்கிலீஷில் மூன்று வரி எழுதிவிட்டுப் போனார். தமிழில் சொன்னால் இப்படி: இவர் காலரா கண்டு தேறியவர். இனி இவருக்குக் காலரா வராது. தொற்றுநோய்ப் பிரிவுக்கு மட்டும் பயன்படுத்தவும். அமீதாம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மூன்று வரியும் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருக்கின்றன என்று தெரியும். பதிவேட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டுவாள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள், மாரம்மாவும் வெள்ளையம்மாவும். கொட்டாய்ப் பக்கம் ஒரு நாள் போங்கள் என்றால் இருவரும் பிள்ளைகுட்டிக்காரிகள் என்று மூக்கைச் சிந்துவார்கள். அமீதாம்மாவுக்கு மட்டும் பிள்ளை இல்லையா என்று நான் கத்தியிருக்கிறேன். அவளுக்குத்தான் வராதே என்பார்கள். ஊரிலும் இதே கதை. எந்த வீட்டில் வயிற்றால் போனாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கல்யாண வீட்டுக்கு ஒருத்தரும் கூப்பிடவில்லை. அவளுக்கு வராது, ஆனால் அவளிடமிருந்து நமக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. பாவி ஜனங்கள்.

அந்த அம்மாளுக்கு ஒரே ஆசைதான். பிரசவ வார்டுக்கு மாற்றல். கொட்டாயின் கதவிலிருந்து பார்த்தால் எதிரே தெரிகிற கட்டடம், நாற்பது அடி தூரம். முதலில் அது வெறும் ஆசையாக இருந்தது. 1991க்குப் பிறகு வெறியாகிவிட்டது.

அந்த வருஷம் தில்ஷாத்துக்குத் தலைப்பிரசவம். மருமகன் நூருல்லா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. பாகலூரிலிருந்து இங்கேயே கொண்டுவந்து சேர்த்தார்கள், அம்மா இருக்கிற ஆஸ்பத்திரி என்று. சேர்த்ததற்கு மூன்று நாள் முன்புதான் கதவில் சங்கிலி விழுந்திருந்தது. நாற்பது அடி தூரத்தில் மகள் கதறுகிறாள், இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பன்னிரண்டாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தில்ஷாத் வலைக்கு வெளியே வந்து நின்றாள். நான் அங்கே இருந்தேன். “ஊர்ல இருக்கறவங்க பீயெல்லாம் அள்றே. என் பக்கத்துல அரை மணி நேரம் வந்து நிக்க முடியலயாம்மா?” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மகள் அம்மா வீட்டுக்கு வரவில்லை.

மாற்றல் மனுவை நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஆபீசில் தலைமை எழுத்தர் கோவிந்தப்பன். மனுவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பதிவேட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, எனக்குப் படித்துக் காட்டுவார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு தடவையும் விரலை வைத்து நிதானமாகப் படிப்பார். ஒன்பது மனு எழுதினோம். ஒன்பதும் அந்த மூன்று வரியில் முட்டித் திரும்பின.

இனி என் சங்கதி. என் வேலை, பேதியில் காலராக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. பேதியை ஒரு நாள் தட்டில் வளர்த்தால் மஞ்சள் புள்ளிகளாகக் கிருமி முளைக்கும். ஒரு புள்ளியைக் கம்பி முனையில் தொட்டு, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு சீரத்தோடு கலந்து மெல்ல ஆட்ட வேண்டும். காலராவாக இருந்தால் கலங்கல் அரை நிமிஷத்தில் பொடிப்பொடியாகத் திரளும். இல்லையென்றால் கலங்கல் கலங்கலாகவே கிடக்கும். வந்த புதிதில் அமீதாம்மா இதைப் பற்றிக் கேட்டாள். பால் திரியுமே, அது மாதிரி என்று சொல்லிவைத்தேன். மறுநாள் முதல் அதே பேச்சு. காலையில் நான் வெளியே வந்தால் போதும், வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து “திரிஞ்சுதா சார்?” என்பாள். கொஞ்ச நாளில் நர்சு, கம்பவுண்டர், பெரிய டாக்டர் வரைக்கும் அதே சொல் பரவிவிட்டது. காலரா என்று எவரும் சொல்வதில்லை. திரிந்தால் அது, திரியாவிட்டால் அது இல்லை. நல்ல வார்த்தை கண்டுபிடித்தேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பின்னால் எங்கள் எல்லோருடைய கண்ணையும் கட்டியது அந்த வார்த்தைதான்.

சீரம் எதிலிருந்து வருகிறது என்றும் ஒருநாள் கேட்டாள். செத்த காலராக் கிருமியை முயலுக்கு ஊசி போடுவார்கள் என்றேன். கிருமியின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலிகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முயலின் ரத்தம் அந்தச் சங்கிலியை அடையாளம் பிடித்துவைத்துக்கொண்டு, அதைக் கவ்வுகிற பொருளைத் தயார் செய்யும். அந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிந்த நீர்தான் சீரம். சில்லில் கிருமிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவது அதுதான். உங்கள் குடலுக்குள்ளேயும் அதே சமாச்சாரம்தான் நடக்கிறது, அதனால்தான் உங்களுக்கு வருவதில்லை என்றேன். ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் வராது என்பதெல்லாம் இல்லை. சில வருஷம்தான் தாங்கும். ஆனால் வருஷாவருஷம் அதே கிருமியோடு குடித்தனம் நடத்தினால் உடம்பு எப்படி மறக்கும்?

அமீதாம்மா கேட்டுவிட்டு, “அப்ப அந்த முயலுக்கும் எனக்கும் ஒரே வேலைதான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அதையும் கூண்டுலதான் வெச்சிருப்பாங்க, இல்லீங்களா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

1993 ஏப்ரல். தில்ஷாத்துக்கு மறுபடியும் ஏழு மாதம். எத்தனையோ நாள் கழித்து மகளிடமிருந்து வாய்ச்சேதி வந்திருந்தது. ஜூன் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், இந்தத் தடவையாவது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. அமீதாம்மாவைப் பார்க்க வேண்டுமே, கால் தரையில் பாவவில்லை. பத்தாவது மனுவை எழுதச் சொன்னாள். நான் எழுதி முடிப்பதற்குள் மத்திகிரியிலிருந்து முதல் கேஸ் வந்துவிட்டது.

மத்திகிரியில் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் வரிசை வரிசையாக வாடகைக்கு இருக்கும் வீடுகள். குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி உரசிக்கொண்டு ஓடும். இரண்டு நாளில் பன்னிரண்டு கட்டிலும் நிரம்பி, தரையில் பாய் விழுந்தது. வழக்கமாகக் குழந்தைகள்தான் அதிகம் வரும். இந்தத் தடவை வந்ததெல்லாம் தாட்டியான ஆண்கள், நடுத்தர வயதுப் பெண்கள். பக்கெட்டில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி பேதி. தட்டில் மஞ்சள் புள்ளி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி விர் விர்ரென்று பாய்கிறது. எல்லாம் காலராவின் அடையாளம். சீரத்தில் போட்டு ஆட்டினேன். திரியவில்லை.

மறுபடியும் ஆட்டினேன். திரியவில்லை. சீரம் கெட்டுவிட்டதோ என்று பழைய காலராக் கிருமியை எடுத்து அதே பாட்டிலில் போட்டுப் பார்த்தேன், அரை நிமிஷத்தில் தயிராகத் திரிந்தது. பாட்டிலில் பழுதில்லை. அப்படியானால் இது காலரா இல்லை. படித்தது அப்படி. ரிப்போர்ட்டில் ‘காலரா அல்லாத கிருமி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய டாக்டர் பேர் எதுவானாலும் தண்ணீரை ஏற்று என்று சலைனை ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் சாவு குறைந்தது, அது அவர் புண்ணியம்.

முதலில் கண்டுபிடித்தது அமீதாம்மா. திம்மப்பன் என்ற கூலிக்காரர் மனைவி முனிலட்சுமி நாலாம் கட்டிலில் கிடந்தாள். அவளைக் காட்டி என்னிடம், “சார், இந்தம்மா நாலு வருஷம் முன்ன இதே கொட்டாய்ல, இதே வியாதில படுத்து எந்திரிச்சுப் போனவங்க. போன வருஷம் அவங்க வீட்ல எல்லாருக்கும் வந்தப்பக்கூட இவங்களுக்கு வரல. இப்ப வந்திருக்குது” என்றாள். இது காலரா இல்லை, திரியவில்லை என்றேன். பக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. “நான் படிச்சது பெரிசா, உங்க பக்கெட்டு பெரிசா?” என்று கேட்டுவிட்டேன். பதினாறு வருஷமாகப் பக்கெட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத மனுஷியிடம். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மே மாதம் பதினெட்டாம் தேதி காலை, சாம்பிள் வாங்கப் போனபோது கதவுக்கு வரவேண்டியவள் வரவில்லை. நர்சு சாந்தம்மா வந்து, அமீதாம்மா ஏழாம் கட்டிலில் படுத்திருக்கிறாள் என்றாள். கையைக் கழுவிக்கொள்ளலாம் என்று உள்ளே ஓடினேன். கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, குரல் கீச்சென்று ஆகிவிட்டிருந்தது. ஒரு ராத்திரியில் பதினோரு லிட்டர் போயிருந்தது. அளந்தது அவளேதான், கடைசி இரண்டு பக்கெட் தவிர. இரண்டு கையிலும் சலைன் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“வந்துருச்சு சார்” என்றாள். “வராதுன்னு எழுதினது பொய்யாப் போச்சு. இனிமே என்னை இங்க வெக்க முடியாதில்ல?”

செத்துக்கொண்டிருக்கிற மனுஷி. அவளுக்கு அது விடுதலைச் சீட்டாகத் தெரிந்திருக்கிறது. நான் சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். மறுநாள் அவளுடைய மஞ்சள் புள்ளியைத் தொட்டுச் சீரத்தில் கலக்கும்போது, ஒரு மனுஷிக்குக் காலரா இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே டெக்னீஷியன் நானாகத்தான் இருப்பேன். சில்லை ஆட்டினேன். கை வலிக்கிறவரை ஆட்டினேன். திரியவில்லை.

சலைன் ஏறி அன்றைக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும், “திரிஞ்சுதா சார்?” என்றாள்.

திரிந்தது என்று சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதியிருக்கலாம், எவன் வந்து பார்க்கப்போகிறான்? கண்ணால் பார்த்ததை மாற்றி எழுதிப் பழக்கமில்லை. “இல்லம்மா” என்றேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆறாம் நாள் எழுந்துவிட்டாள். எழுந்த அன்றே பத்தாவது மனுவைக் கோவிந்தப்பனிடம் கொண்டுபோனேன். இந்த அம்மாளுக்கே வந்துவிட்டது, இனியும் அந்த வரியைக் காட்டாதீர்கள் என்றேன். அவர் என் ரிப்போர்ட்டையே எடுத்து என் முன்னால் வைத்தார். காலரா அல்லாத கிருமி, கையெழுத்து தங்கதுரை. “காலராதான் வராதுன்னு எழுதியிருக்குது. காலரா வரலயே” என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்து தப்பில்லை. வெளியே வந்து புளியமரத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

எனக்கு ஆறவில்லை. அமீதாம்மாவின் கிருமியைச் சின்னக் குப்பியில் அடைத்து, தவிட்டுக்குள் பொதித்து, மெட்ராஸுக்குப் போகிற மருந்து வண்டியில் பெரிய லேபுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம், கொஞ்சம் மரியாதை குறைவாகவே எழுதியது. கொட்டாயில் கூட்டம் குறையவில்லை. சானமாவுக் காட்டுக்கு அந்தப்புறத்து ஊர்களிலிருந்தும் வர ஆரம்பித்திருந்தார்கள். யானை ரோட்டில் நிற்கிறது என்று பஸ் தாமதமானதில் ஒரு கிழவர் வழியிலேயே முடிந்துபோனார். சங்கிலி கதவிலேயே கிடந்தது. அமீதாம்மா எழுந்த கட்டிலைக் கழுவிவிட்டு மறுபடியும் பக்கெட்டை எடுத்துக்கொண்டாள். ஜூன் பிறந்தது. தினமும் எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி பதில் வந்தது. ஒரு கடிதமும், பஞ்சில் சுற்றிய ஒரு சின்னப் பாட்டிலும். மெட்ராஸ், கல்கத்தா என்று பல ஊர்களில் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. வந்திருப்பது காலராவேதான், ஆனால் புது ரகம். மேல்தோலின் பழைய சர்க்கரைச் சங்கிலியைப் போட்டுவிட்டு வேறு சங்கிலியை மாட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் வழுவழுப்பாக ஒரு போர்வை வேறு. உள்ளே அதே கிருமி, கக்குவது அதே விஷம். புதுத் தோலைப் பழைய சீரத்துக்குத் தெரியாது. பழைய காலரா கண்ட உடம்புக்கும் தெரியாது. பாட்டிலில் இருந்தது புது ரகத்தைக் காட்டி முயலிலிருந்து எடுத்த சீரம். பெயர் வெறும் எண், 139.

லேபில் எடுத்துவைத்திருந்த அமீதாம்மாவின் கிருமியை அந்தச் சீரத்தின் ஒரு சொட்டோடு கலந்தேன். பத்து எண்ணி முடிக்கவில்லை. தயிராகத் திரிந்தது.

அந்தச் சில்லைக் கையில் பிடித்தபடியே பெரிய டாக்டர் அறைக்கு ஓடினேன். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றதைக்கூடப் பார்க்கவில்லை. அமீதாம்மாவுக்கு வந்தது காலராதான் சார், பதிவேட்டில் எழுதியிருப்பது பொய், அதை அடித்துவிடுங்கள், இந்த வாரம் அவள் மகளுக்குப் பிரசவம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கெட்டிக்காரர், ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான், வாட்ச்மேன் சட்டையைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறவன், உள்ளே விட்டுவிட்டான், அவ்வளவுதான் என்றார். கோவிந்தப்பனைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பேனாவைத் திறந்தவர் பழைய மூன்று வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினார். புதிய ரகக் காலராவும் கண்டு தேறியவர். இரண்டும் இனி இவருக்கு வராது.

என்ன சார் இது என்றேன். அவர் கோபிக்கவில்லை. “யோசிச்சுப் பாருங்க தங்கதுரை” என்றார். “இந்தப் புதுக் கிருமி இங்க இருக்கற எல்லாருக்கும் வரும். எனக்கு வரும், உங்களுக்கு வரும், மாரம்மாவுக்கு வரும். இந்த ஜில்லாவுல ரெண்டும் வந்து எந்திரிச்ச ஆளு எனக்குத் தெரிஞ்சு இவங்க ஒருத்தர்தான். இவங்களை வெளியே எடுத்துட்டு வேற யாரை உள்ள அனுப்பச் சொல்றீங்க? பேரைச் சொல்லுங்க, எழுதறேன்.”

என்னால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. மாரம்மா பெயரைச் சொல்லவா? வெள்ளையம்மா பெயரைச் சொல்லவா? தங்கதுரை என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு எழவில்லை. அதைத்தான் இத்தனை வருஷமாகத் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் இருபத்தாறு, மதியம் இரண்டு மணிக்குத் தில்ஷாத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் சத்தம் கொட்டாய்வரை கேட்டது. அமீதாம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு கட்டிலில் கூப்பிட்டார்கள், போய்ப் பக்கெட்டை மாற்றிவிட்டு ஓடிவந்து மறுபடியும் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? நாலரைக்குக் குழந்தை வீறிட்டது. நான் ஓடிப்போய்க் கேட்டுவந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம் என்றேன். அமீதாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். தில்ஷாத் சொன்னதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா என்று நான் கேட்டதற்கு, “வராதவங்களைப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க” என்றிருந்தாள்.

அமீதாம்மா ஒரு பக்கெட்டை மாற்றிவிட்டு வந்து, “புது பாட்டில் வந்துச்சாமே. திரிஞ்சுதா சார்?” என்றாள்.

சாந்தம்மா சொல்லியிருக்க வேண்டும். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? திரிந்தது என்றேன். சட்டை மாற்றின கதையைச் சொன்னேன். பதிவேட்டில் டாக்டர் எழுதியதையும், வேறு ஆளின் பெயரை அவர் சொல்லச் சொன்னபோது நான் வாயடைத்து நின்றதையும் சேர்த்தே சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அமீதாம்மா குனிந்து, பிளீச்சிங் பவுடரில் வெந்து வெளுத்துப்போன தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார்” என்றாள். “மூணாவதா ஒரு சட்டை போட்டுக்கிட்டு வருமா?”

இரண்டு தடவை எமனைப் பார்த்துவிட்டு வந்தவள், பயப்படாமல் என்ன செய்வாள்? வராதும்மா, அப்படியெல்லாம் லேசில் வராது, நீங்க பயப்படாதீங்க என்று ஆறுதல் சொன்னேன்.

“பயந்து கேக்கல சார்” என்றாள் அமீதாம்மா.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனாள்.